வெள்ளாற்று முகத்தில் ஒரு பழந்துறை

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில் அமைந்தது அய்யலூர். ஆட்டுச் சந்தைக்கும் தக்காளிச் சந்தைக்கும் பேர்பெற்ற ஊர். மலையடிவாரமும் மானாவாரி நிலமும் சூழ்ந்த இவ்வூரிலிருந்து கடலைக் காண விரும்புவோர் ஒரு பகற்பொழுதைப் பயணத்திற்கென்றே ஒதுக்க வேண்டும். இத்தகைய உள்நாட்டுச் சீமையைச் சார்ந்த நாம், கடற்கரையில் உள்ள துறைமுகச் சிற்றூர் ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. அதற்குரிய சான்று நம் வீட்டிற்குள்ளேயே கிடக்கின்றது. கதவைத் திறக்கும் சாவி, காற்று வரும் சன்னல், எழுதும் மேசை, நூல்களை அடுக்கும் அலமாரி, தண்ணீர் நிரப்பும் பீப்பாய் ஆகிய சொற்கள் யாவும் போர்ச்சுக்கீசிய மாலுமிகளின் நாவிலிருந்து நம் நாவிற்கு வந்தவை. சந்தையில் கூடை கூடையாகக் குவியும் தக்காளியும், குழம்பிற்கு உறைப்பூட்டும் மிளகாயும், திண்டுக்கல்லின் பெயரை நெடுந்தொலைவு கொண்டு சென்ற புகையிலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியே நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த பயிர்களே. கடலையே கண்டறியாத ஒரு மூதாட்டியின் அடுப்படி வரை துறைமுகத்தின் கை நீண்டிருக்கிறது. ஆகவே துறைமுகத்தின் வரலாறு கரையோர மக்களுக்கு மட்டும் உரிய சொத்தாகாது.

நாம் இங்கு எடுத்துக்கொண்ட ஊர் பரங்கிப்பேட்டை. சிதம்பரத்திற்கு வடகிழக்கே, வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில், ஆற்றின் வடகரையில் அமைந்துள்ளது. இன்று கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பெரிய கப்பல்கள் வருவதில்லை. கலங்கரை விளக்கைக் காணச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையில் நிற்பதுமில்லை. எனினும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஆச்சே, கெடா, பெகு ஆகிய தொலைதூரத் துறைகளில் இவ்வூரின் பெயரைச் சொன்னால் வணிகர் அறிந்திருந்தனர்.

பெயர் என்றவுடன் ஒன்று கூறவேண்டும். இவ்வூருக்குப் பெயர் ஒன்றல்ல. 1597ஆம் ஆண்டு செஞ்சிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெந்தா, செஞ்சியை ஆண்ட கிருட்டிணப்ப நாயக்கர் வெள்ளாற்று முகத்தில் தம் பெயரால் ஒரு புதிய பட்டினத்தை எழுப்பி வந்ததைக் குறித்து வைத்துள்ளார். கிருட்டிணபட்டினம் என்ற அப்பட்டினத்தை இவ்வூரோடு பொருத்திக் காண்பர் ஆய்வாளர். போர்ச்சுக்கீசியர் இதனைப் போர்ட்டோ நோவோ என்றனர். 'புதிய துறைமுகம்' என்பது பொருள். இசுலாமிய வணிகரும் அரசு அலுவலரும் மஹ்மூது பந்தர் என்று வழங்கினர். பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். உள்ளூர் மக்களோ பரங்கியர் வாழ்ந்த பேட்டை என்னும் பொருளில் பரங்கிப்பேட்டை என்றனர். பரங்கி என்ற சொல்லின் பயணமும் சுவையானது. ஐரோப்பாவில் வாழ்ந்த பிராங்கு இனத்தாரின் பெயர் அரபு, பாரசீக மொழிகளில் பிரங்கி, பரங்கி என்றெல்லாம் திரிந்து, ஐரோப்பியர் அனைவருக்கும் பொதுப்பெயராகி, தமிழில் ஓர் ஊருக்கும், ஒரு நோய்க்கும், நாம் கூட்டு வைத்து உண்ணும் ஒரு காய்க்கும் பெயராகிவிட்டது. ஒரே ஊருக்கு நாயக்கரும் போர்ச்சுக்கீசியரும் முசுலிம் வணிகரும் உள்ளூர்க் குடிகளும் தத்தம் பெயரை இட்டு வழங்கியிருக்க, எந்தப் பெயரும் மற்றொன்றை அடியோடு அழித்துவிடவில்லை. தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஒன்று நிலைத்தது. பழைய வரைபடங்களில் மற்றொன்று. குடும்பப் பத்திரங்களிலும் திருமண அழைப்புகளிலும் வேறொன்று.

இவ்வூரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஐரோப்பியர் வருகையிலிருந்தே கதையைத் தொடங்குவர். இது நமக்கு உடன்பாடன்று. வெறுங்கரையைத் தேடி எந்த வணிகக் கும்பினியும் வருவதில்லை. அங்கே நெசவு இருந்தது, சாயமிடுவோர் இருந்தனர், ஆழ்கடல் ஓட்டத்தில் தேர்ந்த மாலுமிகளும் கப்பல் உடைய செல்வரும் இருந்தனர். இவற்றை மோப்பம் பிடித்தே ஐரோப்பியர் வந்தனர். சோழமண்டலக் கரையின் வணிகத்தை ஆராய்ந்த வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம், டச்சுக் கும்பினியின் ஏடுகளையே கொண்டு, ஆசிய வணிகரின் கப்பலோட்டம் ஐரோப்பியர் வந்த பின்னரும் நெடுங்காலம் தழைத்திருந்ததை நிறுவியுள்ளார். அத்தகைய துறைகளுள் போர்ட்டோ நோவோ முதன்மையானது. இங்கிருந்த கப்பல் வணிகரை மலாய் நாட்டினரும் ஐரோப்பியரும் சூலியா என்று அழைத்தனர். சோழம் என்பதன் திரிபே அச்சொல் என்பாருமுளர். நாம் அவர்களை மரக்காயர் என்றே அறிவோம். துணிச்சிப்பங்களை ஏற்றிக்கொண்டு கீழ்த்திசை செல்வர்; ஈயம், பாக்கு, சாம்பிராணி, பொன் ஆகியவற்றோடு மீள்வர். யானைகளும் கப்பலில் வந்திறங்கின என்பதை இன்றைய மாணவர் நம்பமாட்டார். அலையாடும் மரக்கலத்தில் யானையை நிறுத்திப் பல நாட்கள் தீனியும் நீரும் தந்து கொண்டுவந்து சேர்க்கும் திறம் எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வணிகத்தின் கடிகாரம் காற்று. ஐப்பசியும் கார்த்திகையும் வங்கக் கடலில் புயற்காலம். அப்போது கரையை அண்டி நிற்கும் கப்பல் பிழைப்பது அரிது. வெள்ளாற்றின் வாயிலில் மணல்திட்டு உண்டு. சிறிய கலங்கள் அதனைக் கடந்து ஆற்றுக்குள் புகுந்து ஒதுங்கும். பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, படகுகள் சரக்கைக் கரை சேர்க்கும். ஆற்றின் ஆழமும் அலையின் போக்கும் நாளுக்கு நாள் மாறுவன. அவற்றை அறிந்து படகு விடும் மீனவரின்றி எந்த வணிகரும் ஒரு சிப்பத்தையும் ஏற்றியிருக்க இயலாது. மரக்காயரின் மூலதனமும் மீனவரின் கைத்திறமும் கைக்கோளர் முதலிய நெசவாளரின் தறியும் சேர்ந்தே துறைமுகம் ஆயிற்று. இவ்வூரின் பெயரால் ஒரு நாணயமே வழங்கியது. பரங்கிப்பேட்டை வராகன் என்னும் அப்பொற்காசு கரையெங்கும் கணக்கில் இடம்பெற்றது. ஒரு சிற்றூரின் பெயர் பொன்னின் மாற்றுக்கு அடையாளமானது எளிய செய்தியன்று.

போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் எனப் பலரும் பண்டகசாலை வைத்ததை இங்கு விரிக்கத் தேவையில்லை. புதுச்சேரி நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையும் இளமையில் பிரெஞ்சுக்காரர் சார்பில் இங்குத் துணி வணிகத்தைக் கவனித்தவரே. ஒரு நிகழ்ச்சி மட்டும் குறிப்பிடத்தக்கது. 1733ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கும்பினியின் கப்பல் ஒன்று இங்கு வந்தது. அவர்கள் உள்ளூர் ஆட்சியாளரிடம் இசைவு பெற்றுப் பண்டகசாலை திறந்தனர். எக்காலமும் பகைவராகவே இருந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இச்செய்தி கேட்டவுடன் நண்பராயினர். தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் படைகள் சேர்ந்து வந்து சுவீடியரின் பண்டகசாலையைக் கைப்பற்றிச் சரக்கை வாரிச் சென்றன. நாட்டை ஆண்டவர் இசைவு தந்த வணிகத்தை, கரையில் குடியிருந்த இரு கும்பினிகள் தடுத்தன! ஆட்சி எவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை, பிளாசிப் போருக்கு 24 ஆண்டுகள் முன்னரே இச்சிற்றூர் கண்டுவிட்டது. பாடநூல்களில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

பாடநூல்கள் மறவாமல் கூறுவது 1781ஆம் ஆண்டுப் போரை. அதிலே திண்டுக்கல் வட்டாரத்தாராகிய நமக்கு ஒரு தொடர்பு உண்டு. ஐதர் அலி 1755ஆம் ஆண்டு மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் பௌசுதாராக அமர்த்தப்பட்டார். பிரெஞ்சுக்காரரின் துணையுடன் பீரங்கிப் பட்டறை அமைத்ததும், தமக்கெனப் படை திரட்டியதும் இம்மலைக்கோட்டையின் நிழலிலேதான். திண்டுக்கல்லில் தொடங்கிய அவ்வேறுமுகம், 26 ஆண்டுகள் கழித்துப் பரங்கிப்பேட்டை மணல்மேடுகளில் தடைபட்டது. 1781 சூன் மாதம் ஆங்கிலத் தளபதி அயர் கூட் சிதம்பரம் கோயிலைப் பிடிக்க முயன்று தோற்றுப் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். உள்நாடெங்கும் ஐதரின் குதிரைப்படை. கூட்டின் ஏறத்தாழ எண்ணாயிரம் பேருக்குச் சோறும் வெடிமருந்தும் கடல்வழியே வந்தாக வேண்டிய நிலை. சூலை முதல் நாள் நடந்த போரில், எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய மைசூர்ப் படை பின்வாங்கியது. கரையை ஒட்டி வந்த ஆங்கிலேயரின் சிறு போர்க்கப்பல் ஒன்று கடலிலிருந்து சுட்டதும் அதற்கு ஒரு காரணம். ஆங்கிலேயரை நிலத்தில் அழித்துவிடலாம், கடலை வற்றச் செய்ய முடியாதே என்று ஐதர் பின்னாளில் தம் அமைச்சரிடம் மனம் வெதும்பியதாக வரலாற்றாசிரியர் வில்க்சு எழுதியுள்ளார். மன்னர்கள் கடலை வணிகர் பொறுப்பிலும் மீனவர் பொறுப்பிலும் விட்டுவிட்டு நிலத்தையே நாடெனக் கருதியதன் விளைவு அது. மரக்காயரின் மரக்கலங்களுக்குப் பின்னே ஓர் அரசின் கப்பற்படை நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற வினா இன்றும் எழுவதுண்டு. வரலாற்றில் அத்தகைய வினாக்களுக்கு விடை கிடையாது. ஆயினும் அவ்வூர்க் கரையில் நின்றால் வினா எழாமல் இருப்பதில்லை.

போர் முடிந்து அரை நூற்றாண்டில் இவ்வூர் வேறொரு வியப்பைக் கண்டது. சென்னை அரசின் பணியிலிருந்த சோசையா மார்சல் ஈத் என்பார் 1825ஆம் ஆண்டு வேலையைத் துறந்து, இரும்பு உருக்கும் உரிமையைப் பெற்று, 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் பெரும் உருக்காலை ஒன்றை நிறுவினார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் எழுந்த முதல் பெரிய இரும்பாலை இது எனலாம். சேலத்துக் கஞ்சமலைப் பகுதியின் இரும்புக் கனிமம் பரிசல்களில் காவிரி வழியே கொள்ளிடத்திற்கு வந்து, அங்கிருந்து கால்வாய் வழியாகப் பரங்கிப்பேட்டையை அடைந்தது. கனிமத்தின் கசடு நீக்கக் கடற்கரைக் கிளிஞ்சல் பயன்பட்டது. இவ்வாலையின் இரும்பு இங்கிலாந்து சென்று, வேல்சு நாட்டில் 1850ஆம் ஆண்டு முடிவுற்ற பிரிட்டானியா பாலத்திலும் சேர்ந்தது என்று பழைய மாவட்டக் குறிப்புகள் பெருமையோடு கூறும்.

பெருமைக்குரியதுதான். ஆனால் அவ்வாலையின் அடுப்பு எதனைத் தின்று எரிந்தது? நிலக்கரி இல்லை, மரக்கரியே எரிபொருள். காடுகள் வெட்டப்பட வெட்டப்படக் கரி தொலைவிலிருந்து வந்தது, கூலி ஏறியது, ஆலை கடனில் மூழ்கியது. கும்பினி மாறியும் முதலீடு மாறியும் பயனின்றி 1860களில் உலை அணைந்தது. ஈத் அதற்கு முன்னரே இங்கிலாந்து திரும்பி, எஃகு வார்ப்பில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். செஃபீல்டு எஃகாலைகள் அம்முறையால் கொழித்தன. அவரோ வழக்காடியே ஓய்ந்து 1851ஆம் ஆண்டு மறைந்தார். சேலத்து மலைகளில் தலைமுறை தலைமுறையாகச் சிறு உலையில் இரும்பு காய்ச்சிய நம் குடிகளின் அறிவு என்னவாயிற்று என்பதை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்குக் காப்புரிமையும் இல்லை. வழக்காடும் வசதியும் இல்லை.

இதன் பின்னர் ஊர் மெல்லத் தளர்ந்தது. ஆலைத்துணி கைத்தறித் துணியை வீழ்த்தியது. நீராவிக் கப்பல் பாய்மரத்தை வீழ்த்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த இருப்புப்பாதை, சரக்கைக் கரையோரப் படகிலிருந்து பறித்துக்கொண்டது. கப்பலின் உடைமையாளராக இருந்தோரின் பெயரர்கள் அயலார் கப்பலில் பயணிகளாயினர். பினாங்கும் சிங்கப்பூரும் இரங்கூனும் அவர்தம் வாழ்விடங்கள் ஆயின. சோழமண்டலக் கரையினர் 1801ஆம் ஆண்டிலேயே பினாங்கில் நிலம் பெற்றுக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், 1826ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சூலியா பள்ளிவாசலையும் நிறுவியவர்கள். வளைகுடா நாடுகள் பின்னர் வந்தன. கடல்வழிச் செலவு வான்வழிச் செலவாயிற்று. ஆனால் பிழைப்புக்கு அயல்நாடு செல்லும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

தளர்ந்த ஊர் என்றதும் பாழடைந்த ஊர் என்று கொள்ளலாகாது. இன்றைய பரங்கிப்பேட்டையின் அழகு எதில் உள்ளது என்று கேட்பின், அதன் பிழைப்பில் உள்ளது என்றே கூறுவோம். விடியற்காலையில் அன்னங்கோயில் இறங்குதளத்திற்குச் சென்றால் ஏலம் விடும் குரல் தொலைவிலேயே கேட்கும். வலையிலிருந்து உதிரும் நண்டுகளைப் பெண்கள் விரைந்து தரம் பிரிப்பர். பனிக்கட்டியின் ஆவியும் மீன்வாடையும் தேநீர்க் கடையின் புகையும் ஒன்றாகக் கலந்திருக்கும். சின்னூர், புதுப்பேட்டை, சாமியார்பேட்டை எனக் கரை நெடுக மீனவர் குடியிருப்புகள். ஊருக்குள் வந்தால் பள்ளிவாசலின் குளம், அதன் படித்துறை, ஓடு வேய்ந்த பழைய வீடுகளின் நீண்ட திண்ணைகள். அவற்றுள் சிலவற்றின் தூண்கள் பர்மாத் தேக்கு. மாலையில் வெள்ளாற்றின் அகன்ற கழிமுகத்தில் நீர் பொன்னிறம் கொள்ளும்போது அலைத்திசை மாறும். கடல்நீர் உள்ளே ஏறுவதையும் ஆற்றுநீர் வெளியே வடிவதையும் ஒரே நாளில் கண்ணாற் காணலாம். இக்கழிமுகத்தின் பொருட்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தை இங்கு வைத்துள்ளது. ஆழ்கடல் உயிரினங்களின் பதனிட்ட வடிவங்களைக் கொண்ட அருங்காட்சியகம் அங்கு உண்டு. நம் கல்லூரி மாணவர் விலங்கியல் பயில்பவராயினும் தமிழ் பயில்பவராயினும் ஒருமுறையேனும் அதனைக் காண வேண்டும்.

ஆற்றின் தென்பால் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு தொடங்குகின்றது. ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்புடைய அக்காடு 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டினதே. 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தால் இக்காடு தமிழகத்திற்கு அறிமுகமாயிற்று. 2004 திசம்பர் 26 அன்றோ அதன் உண்மைப் பயனை உலகு அறிந்தது. அன்றைய ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடர்ந்த காட்டின் பின்னே இருந்த ஊர்கள் பெரிதும் தப்பின. வெறுங்கரையில் இருந்த ஊர்கள் சிதைந்தன. ஆய்வாளர்கள் அளந்து எழுதிய உண்மை இது. அன்று கரையோர மீனவர் உடுத்த துணியோடு ஊருக்குள் ஓடிவந்தபோது, பரங்கிப்பேட்டை சமாஅத்தினர் அவர்களுக்குச் சோறும் உறைவிடமும் தந்து, இறந்தோரை எடுத்து அடக்கவும் தோள் கொடுத்தனர். நாடே பாராட்டியது. வெளியூரார் இதனைச் சமய நல்லிணக்கம் என்று எழுதினர். ஊரார் அப்பெருஞ்சொல்லை நாடினார்களா என்பது ஐயமே. படகு விடும் மீனவரும் சரக்கு ஏற்றும் மரக்காயரும் முந்நூறு ஆண்டுகள் ஒரே மணல்திட்டைக் கடந்து பிழைத்த ஊர் அது.

இனி நம் கருத்திற்கு வருவோம். தரங்கம்பாடிக்குச் செல்வோர் பலர். 1620ஆம் ஆண்டு டேனியர் எழுப்பிய கோட்டை அங்கே கடலை நோக்கி நிற்கிறது, வீதிகள் செப்பனிடப்பட்டுள்ளன, பழைய மாளிகைகள் விடுதிகளாகியுள்ளன. மகிழ்ச்சியே. ஆனால் பரங்கிப்பேட்டைக்கு அத்தகைய கோட்டை இல்லை. ஆதலால் காண ஒன்றுமில்லை என்று பலர் கடந்து போகின்றனர். வெள்ளையர் கல்லால் கட்டியதுதான் வரலாறு, நம்மவர் மரத்தால் கட்டி மிதக்கவிட்டது வரலாறன்று என்பதா? மரக்கலம் மக்கும், பாய்மரம் கிழியும், கோட்டையோ நிற்கும். நிற்பதை மட்டும் வரலாறென்று கொண்டால், கடலோடிகளுக்கு வரலாறே இல்லாமற் போகும்.

அவர்களின் வரலாறு வேறிடங்களில் உள்ளது. அடக்கத்தலங்களின் மீசான் கற்களில் உள்ளது; அவற்றின் எழுத்துகளை ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசி மறைக்கிறோம். பழைய மரப்பெட்டிகளில் அரபுத்தமிழில் எழுதிய கணக்குகளிலும் கடிதங்களிலும் உள்ளது. கடற்காற்றின் ஈரமும் கரையானும் அவற்றைத் தின்கின்றன. அரபு எழுத்தறிந்த பெரியவர்க்கு அத்தமிழைப் பதிப்பிக்கும் பயிற்சி இல்லை. தமிழ் முதுகலை பயின்ற இளைஞர்க்கு அவ்வெழுத்து தெரியவில்லை. இருவரும் ஒரே ஊரில், சில வேளை ஒரே வீட்டில் இருக்கின்றனர். பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டும் குடும்பத்தை நாம் குறை கூற மாட்டோம்; ஒழுகும் ஓட்டின் கீழ் வாழச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இடிக்குமுன் அப்பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்க ஆள் இல்லையே என்பதே நம் கவலை.

சொற்களோ பெட்டியிலும் இல்லை. நாவில் மட்டுமே உள்ளன. படகின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோழகம் என மீனவர் காற்றுக்கு இடும் பெயர்கள் ஊருக்கு ஊர் சற்றே திரியும். அத்திரிபே ஓர் ஆய்வுக்குரியது. கப்பல் தலைவனைக் குறித்த நாகுதா பாரசீகம். மாலுமி, ஆசானைக் குறிக்கும் அரபுச்சொல்லாகிய முஅல்லிமின் திரிபு. தமிழும் அரபும் பாரசீகமும் மலாயும் போர்ச்சுக்கீசியமும் ஒரே படகில் அமர்ந்து சென்ற காலத்தின் சாட்சிகள் இச்சொற்கள். இன்று இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகில், செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவியோடு இளைஞர் கடலுக்குச் செல்கின்றனர். அது வேண்டும், உயிர் காக்கிறது. பாய் விரித்து ஓட்டியவர்களுள் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் வயதை எண்ணினால், அகராதித் துறையினர் நிதிக்கு விண்ணப்பித்து ஒப்புதல் வரும்வரை காத்திருக்க இயலாது என்பது விளங்கும்.

கடலோரத் தமிழைக் கடலோரக் கல்லூரிகள் தொகுக்கட்டும், உள்நாட்டார்க்கு என்ன வேலை என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறோம். அங்கேயே பிறந்தவர்க்குச் சில சொற்கள் பழகிப்போய்க் காதில் விழுவதில்லை. அய்யலூர்ச் சந்தையில் ஆட்டின் வயதைப் பல் பார்த்துச் சொல்லும் சொற்கள் நமக்குப் பழகிப்போய் விழாததைப் போல. வெளியூர் மாணவர் கேட்கும் 'அது என்ன?' என்ற வினாவே சொல்லை வெளிக்கொணரும். அவர்கள் நம் சந்தைக்கு வந்து அதே வினாவைக் கேட்டால் நாமும் பயனடைவோம்.

சுற்றுலாவை வளர்க்கலாமே என்பாருக்கும் ஒரு சொல். வளர்க்கலாம்; பிச்சாவரத்தில் அது ஓரளவு நடந்தே வருகிறது; படகோட்டும் குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் ஏலத்தளத்தை அப்புறப்படுத்திவிட்டு மலர்ச்சட்டிகள் வைத்த நடைபாதை அமைப்பதை வளர்ச்சி என்று கொள்ள மாட்டோம். ஒருகாலத்தில் காட்டைக் கரியாக்கிய ஆலையைத் தாங்கிய ஊர் இது. அண்மைக் காலத்தில் அனல்மின் நிலையம் ஒன்றும் அருகில் எழுந்துள்ளது. மின்சாரம் எல்லோர்க்கும் வேண்டும். அய்யலூரின் விளக்கும் எங்கோ ஒரு கரையில் எரியும் நிலக்கரியில்தான் ஒளிர்கிறது. அதனாலேயே, அக்கரையில் கழிமுகத்து நீரின் வெப்பமும் நண்டின் வரத்தும் எவ்வாறுள்ளன என்று கேட்கும் கடமை நமக்கும் உண்டு. கேட்பதற்கு எதிர்ப்பு என்று பெயரிட வேண்டியதில்லை.

செய்யத்தக்கது பெரிதன்று. கோடை விடுமுறையில் பத்து மாணவர், இரண்டு பேராசிரியர், அரபு எழுத்தறிந்த ஆலிம் ஒருவர். திருச்சி வழியே சிதம்பரம், அங்கிருந்து பேருந்தில் பரங்கிப்பேட்டை. தங்க இடம் தர ஊரார் மறுக்க மாட்டார்கள். காலையில் இறங்குதளத்தில் சொல் தொகுப்பு. வெயில் ஏறியபின் வீடுகளில் பழந்தாள்களைப் படம் எடுத்தல். அஸர் தொழுகைக்குப் பின் அடக்கத்தலத்தில் கல்லெழுத்துகளைப் படித்தல். ஒலிப்பதிவுக்கு இன்று தனிக்கருவி வேண்டா. மாணவர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி உள்ளது. தொகுத்தவற்றின் ஒரு படி கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். மற்றொரு படி அவ்வூர் நூலகத்தில் இருக்க வேண்டும். எடுத்துச் செல்வது மட்டும் போதும் என்ற கும்பினி வழக்கம் நமக்கு ஆகாது. வரும் ஆண்டு மலரில் அச்சொற்பட்டியலின் முதற்பகுதியை அச்சிடத் துறை இசைந்தால், அதற்குரிய பக்கங்களை இக்கட்டுரை போன்ற கட்டுரைகளைக் குறைத்தே ஒதுக்கலாம்.